சிவப்பு ஸ்டிக்கர் கேட்ட கிளாரினெட்காரர்

விடுதிச் சமையற்கட்டிலிருந்து முட்டை அட்டைகளை வாங்கி வந்து ஒரு அறையின் நான்கு சுவர்களிலும் ஒட்டிவிட்டால் அது ஒலிப்பதிவுக் கூடம் ஆகிவிடும் என்று எங்கள் கல்லூரி முதல்வருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சொன்னது யாரோ, ஒட்டியது நான். அட்டை சத்தத்தைத் தடுத்ததோ இல்லையோ, எறும்பை நன்றாக வரவழைத்தது. அறைக்கு ஒரு பக்கம் ஜெனரேட்டர் கொட்டகை. இன்னொரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், அதற்கு அப்பால் கிரானைட் அறுக்கிற பட்டறை. இரண்டும் ஓய்ந்திருக்கிற நேரம் பார்த்துத்தான் பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பார்த்துச் செய்தாலும் நெடுஞ்சாலையில் ஷிப்டு பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். எங்கள் காப்பகத்தில் உள்ள போர்க்கதைகளைக் கேட்பவர்கள், எல்லையில் இத்தனை பஸ் ஓடியதா என்று சந்தேகப்பட்டால் அவர்கள் மேல் தப்பில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் கழித்து, மின்வெட்டு தினமும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து போன காலம் அது. ஓசூருக்கு வெளியே இருந்த அந்தக் கல்லூரியில் நான் நூலக உதவியாளர். கணவருக்குத் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததால் திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்திருந்தேன். எதிர்வீட்டில் தெலுங்கு, காய்கறிக் கடையில் கன்னடம், மாவு மில்லில் இரண்டும் கலந்து. மிச்சமிருந்த தமிழர்கள் என் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். அதனால் என்னிடம் எப்போதும் கொஞ்சம் கோபம் கைவசம் இருக்கும். அது எதற்கும் உதவாது என்றுதான் என் கணவர் சொல்வார். ஒரே ஒரு முறை உதவியது.

கல்லூரிக்குத் தரச்சான்று கொடுப்பதற்காக ஒரு கமிட்டி வரப்போவதாகத் தகவல் வந்தது. கமிட்டிக்குக் காட்ட எங்களிடம் கட்டடத்தைத் தவிர ஒன்றும் இல்லை. முதல்வர் யோசித்து, ஒரு ஒலி ஆவணக் காப்பகம் அமைப்பது என்று முடிவு செய்தார். எங்கள் வளாகத்தில் வருஷா வருஷம் நடந்த பல்கலைக்கழக இசை விழாக்களின் ஒலிநாடாக்கள் ஒரு பீரோ நிறைய இருந்தன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கூடவே கிருஷ்ணகிரி மாவட்டத்து முன்னாள் ராணுவத்தினரைக் கூட்டி வந்து, போர் அனுபவங்களைப் பேச வைத்துப் பதிவு செய்ய வேண்டும். பாட்டும் இருக்கிறது, நாட்டுப்பற்றும் இருக்கிறது, இனிமேல் கமிட்டி எதைக் குறை சொல்லும் என்பது அவர் கணக்கு. ஒவ்வொருவர் கோப்பின் மேலும், போருக்குச் சிவப்பு ஸ்டிக்கர், இசைக்குப் பச்சை ஸ்டிக்கர். ஒருவருக்கு ஒரு ஸ்டிக்கர்தான். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர், ராணுவத்தினரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு படிவம் தயாரித்துக் கொடுத்துவிட்டுத் தன் ஆராய்ச்சியைப் பார்க்கப் போய்விட்டார். பெயர், ஊர், பிரிவு, பயன்படுத்திய ஆயுதம் என்று வரிசையாகப் போகும் அது.

முதலில் ஒலிநாடாக்களை எடுத்தேன். பல்கலைக்கழக இசை விழா என்று நாம் சொல்கிறோமே தவிர, அந்த நாடாக்களில் இசை ஊறுகாய் அளவுக்குத்தான் இருந்தது. முதல் பாதி, இயற்பியல் பேராசிரியர் மைக்கை ஊதி ஊதி ஹலோ ஹலோ என்பது. கடைசிப் பாதி நன்றியுரை. பந்தல் போட்டவரின் மைத்துனர் வரை நன்றி சொல்லியிருந்தார்கள். நடுவில் யாராவது ஒரு மாணவி பாட ஆரம்பித்து, குரல் சூடுபிடிக்கிற நேரத்தில் கரண்ட் போய்விடும். மைக் செத்துப்போகும், கீபோர்டு செத்துப்போகும், கூட்டம் ஓ என்று கத்தும். ஆனால் பதிவு நிற்காது. எங்களிடம் இருந்தது பேட்டரியில் ஓடுகிற பழைய டேப்ரெக்கார்டர். அந்த இருட்டில் ஒரே ஒரு கிளாரினெட் மட்டும், விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்க்கொண்டே இருக்கும். கரண்ட் திரும்பி வந்ததும் மற்றவர்கள் ஓடி வந்து சேர்ந்துகொள்வார்கள். எந்த வருஷ நாடாவைப் போட்டாலும் இதே கதைதான். யாரடா இந்த மனுஷன் என்று எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது.

அந்த மரியாதை அவரை நேரில் பார்க்கும் வரைதான் நீடித்தது. ஜூஜுவாடியிலிருந்து கருப்புப் பெட்டியோடு வந்தார். ஒல்லியான ஆள், மையடித்த தலை, யாரைப் பற்றியும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லாத வாய். ராணுவத்தின் பேண்டு வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்றவர். இப்போது பள்ளிக்கூடங்களில் அணிவகுப்பு வாத்தியம் சொல்லிக்கொடுக்கிறார். எங்கள் விழாக்களுக்கும் வருவார். கீபோர்டு வாசிக்கிற பையன்களை அவர் கரண்ட் வித்வான்கள் என்றுதான் குறிப்பிடுவார். நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்ததும், தனக்குச் சிவப்பு ஸ்டிக்கர் வேண்டும் என்றார்.

நான் படிவத்தை எடுத்தேன். எழுபத்தொன்றாம் வருஷப் போரில் எல்லைக்குப் போயிருக்கிறார், சரி. பயன்படுத்திய ஆயுதம் என்ன என்று கேட்டேன். ஆயுதம் இல்லை என்றார். துப்பாக்கி, பீரங்கி, ஏதாவது? இல்லை. அப்படியென்றால் இது இசை என்று சொல்லிப் பச்சையை ஒட்டிவிட்டேன். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் வந்து மறுபடி கேட்டார். அதற்கடுத்த வாரமும் வந்தார். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அலைகிறவர் மாதிரி அலைந்தார்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன். அப்போதுதான் சொன்னார். ஜூஜுவாடியில் அவர் வீட்டுக்கு வழி கேட்டால், பேண்டு செட்டு ஐயாவா என்று கேட்டுத்தான் கை காட்டுவார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அட்வான்ஸோடு வந்து நிற்பார்கள். நான் ராணுவத்தில் இருந்தவன், சாவுக்கு வாசிக்கிற ஆள் இல்லை என்று விளக்கினால், பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் டிரம் அடிக்கிறவர் நம்பரையாவது கொடுங்கள் என்பார்களாம். அதெல்லாம்கூடப் பரவாயில்லை.

“எம் பையன் கம்பெனியில வேலை செய்யறான் மேடம். அப்பா மிலிட்டரின்னு சொன்னா எந்தப் பிரிவுங்கறாங்க. பேண்டுன்னா சிரிக்கறாங்க. அதனால அவன் சொல்றதையே வுட்டுட்டான். ரிட்டையர்டுன்னு மட்டும் சொல்றான்.”

கமிட்டி வரும் நாளில் போர்வீரர்களை முதல் வரிசையில் உட்கார வைத்து, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. அந்த வரிசையில் ஒரு நாற்காலி வேண்டும், அதை மகன் வந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் யார் யார் போர்வீரர் என்று முடிவு செய்வது நான் இல்லை, சுபேதார்.

சுபேதார் மாவட்ட முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்குத் தலைவர். காலாட்படையில் இருந்தவர். நாகரசம்பட்டியில் மாந்தோப்பு. மீசையும் குரலும் இன்னும் ஓய்வு பெறவில்லை. ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார். எங்கள் காப்பகத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் பிடித்து வந்த ஆட்கள் போரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள். ஒருவர் முழுப் பதிவிலும் பூரி கிழங்கைப் பற்றியே சொன்னார். அஞ்செட்டிப் பக்கத்து மலை கிராமத்துக்காரர் ஒருவர், எதிரி சுற்றி வளைத்துவிட்டான் என்ற இடத்தில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கடைசி பஸ் போய்விடும் என்று எழுந்துவிட்டார். அவர்கள் எப்படித் தப்பித்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சுபேதாரிடம் அந்தக் குறையே கிடையாது. பதிவு போதும் என்றாலும் மறுபடி வருவார், கையில் ஒரு பை மாம்பழத்தோடு. குண்டு காலைத் துளைத்த பிறகு தனியாளாக நடந்தே முகாமுக்குத் திரும்பியதுதான் அவருடைய பெரிய கதை. முதல் பதிவில் ஒரு வயலைத் தாண்டி நடந்தார். அடுத்ததில் ஒரு வாய்க்கால் சேர்ந்துகொண்டது. அதற்கடுத்ததில் ஒரு ஊரே குறுக்கே வந்தது. இன்னும் இரண்டு தடவை பேச விட்டிருந்தால் ஓசூர் வரைக்கும் நடந்தே வந்து சேர்ந்திருப்பார்.

கிளாரினெட்காரர் பேச்சை நான் எடுத்தபோது சுபேதார் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். சுட்டவங்க வேற, ஊதினவங்க வேற என்றார். சங்கத்தில் மற்றவர்களும் சிரித்தார்கள். முதல்வரும் சிரித்துவைத்தார்.

சரி, இசைப் பிரிவிலாவது ஒரு நல்ல பேட்டி எடுத்துவிடுவோம் என்று கிளாரினெட்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள், எத்தனை மணிக்கு எழுந்து சாதகம் செய்வீர்கள் என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். கடனே என்று பதில் சொன்னார். கேள்வி தீர்ந்துபோய், சும்மா பேச்சை இழுப்பதற்காக, போருக்குப் போனபோது கிளாரினெட்டைக் கையோடு கொண்டுபோனீர்களா என்று கேட்டேன்.

“யுத்தம்னா ஏது மேடம் பேண்டு? வாத்தியத்தை ஸ்டோர்ல ஒப்படைச்சிடுவோம். பேண்டுக்காரங்க அத்தனை பேரும் ஸ்ட்ரெச்சர் தூக்கணும். அடிபட்டவங்கள எடுத்துட்டு வர்றது எங்க டூட்டி.”

எனக்குப் புரியவில்லை. சண்டை நடக்கிற இடத்திலிருந்தா என்று கேட்டேன்.

“பின்ன, கல்யாண மண்டபத்துல இருந்தா தூக்குவாங்க?”

இதை முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவரும் விடவில்லை. ஆயுதம் என்ன என்றுதானே கேட்டீர்கள், ஆயுதம் இல்லை, இல்லை என்று சொன்னேன், நீங்கள் பச்சையை எடுத்து ஒட்டிவிட்டீர்கள் என்றார். உண்மைதான். அந்தப் படிவத்தில் எதைக் கொண்டு எத்தனை பேரைச் சாய்த்தீர்கள் என்று கேட்க இடம் இருந்தது. யாரையாவது தூக்கினீர்களா என்று கேட்க ஒரு வரி இல்லை.

பிறகு அவராகவே பேசினார். ஒரு ஸ்ட்ரெச்சருக்கு நாலு பேர். சேற்றில் கால் புதையும், குனிய முடியாது, ஓடவும் முடியாது, குனிந்தால் மேலே இருப்பவன் உருண்டு விழுவான். அணிவகுப்பில் ஒன்றாகக் கால் வைத்துப் பழகியவர்கள் என்பதால்தான் பேண்டுக்காரர்களை அந்த வேலைக்குப் போடுகிறார்கள் என்று அவராக ஒரு காரணம் வைத்திருந்தார்.

“வழி நெடுக நம்மளத் திட்டிக்கிட்டே வர்றவன் பொழச்சுக்குவான் மேடம். குலுக்காதடா, கண்ணு தெரியலயாடான்னு அசிங்கமாத் திட்டுவான். அது கேக்க நிம்மதியா இருக்கும். திட்டு நின்னுபோனாத்தான் பயம். அப்ப நாங்க நாலு பேரும் வாயாலயே மெட்டு பாடுவோம். பேண்டுக்காரன் வேற என்னத்த செய்வான்?”

அந்தப் பதிவில் அந்த இடத்தில் ஜெனரேட்டர் கிளம்பின மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அது ஜெனரேட்டர் இல்லை, நான் மூக்கைச் சிந்தியது.

இது சுபேதாருக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர் காலாட்படைக்காரர், தெரியாமல் இருக்குமா என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார். தெரிந்தே சிரிக்கிறவரிடம் போய் என்ன விளக்குவது என்பதுதான் அவர் இத்தனை நாள் வாய் திறக்காததற்குக் காரணம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக முதல்வரிடம் போனேன். வீரர்கள் பெயர் அச்சுக்குப் போயாகிவிட்டது, பொன்னாடை எண்ணி வாங்கியாகிவிட்டது, இந்த நேரத்தில் புதிதாக ஒரு வீரரைக் கிளப்பாதே என்றார். அவர் பச்சையிலேயே இருக்கட்டும், மேடை ஓரமாக நின்று வரவேற்பு இசை வாசிக்கட்டும் என்று முடித்துவிட்டார்.

சுபேதார் அடுத்த மாம்பழப் பையோடு வந்தபோது, மைக்கை முன்னால் வைத்துவிட்டு, காலில் குண்டு பட்ட பிறகு எப்படி ஐயா அவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று கேட்டேன். அவர் மைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மனசு இருந்தா நடக்கலாம்மா என்றார். குரலில் வழக்கமான முழக்கம் இல்லை. அன்றைக்குப் பதிவே வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். நூலகத்தின் நாலு படியை இறங்க அவருக்குக் கைப்பிடிச் சுவர் வேண்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

விழாவில் போட்டுக் காட்ட இரண்டு நிமிஷப் போர்ப் பதிவு ஒன்று கேட்டார் முதல்வர். நான் வேண்டுமென்றேதான் அந்த நடைக்கதையைக் கொடுத்தேன். வயலும் வாய்க்காலும் ஊரும் எல்லாம் உள்ள பதிவாகப் பார்த்துக் கொடுத்தேன். சபை நடுவே அவரே தன் பேச்சைக் கேட்கட்டும் என்ற ஆத்திரம்.

கமிட்டி வந்தது. முதல் வரிசையில் சிவப்பு ரிப்பன் கட்டிய நாற்காலிகளில் பதக்கங்களோடு வீரர்கள். மேடையின் பக்கவாட்டில், கீபோர்டு பையன்களுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டையில் கிளாரினெட்காரர். மகன் வரவில்லை. முதல் வரிசையில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததும் அவரே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். முதல்வர் பேசி முடித்ததும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கம்ப்யூட்டரில் பொத்தானை அழுத்தினேன். சுபேதாரின் குரல் அரங்கமெல்லாம் முழங்கியது. வயலைத் தாண்டினார். வாய்க்காலைத் தாண்டினார். “தூக்கறதுக்கு ஒரு ஆளும் கிடையாது, நான் தனி ஆளா” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது.

கூட்டம் ஓ என்றது. ஜெனரேட்டர் ஓடவில்லை. கமிட்டியை அழைத்துவரப் போன ஜீப்புக்கு அன்று காலையில் அதிலிருந்துதான் டீசல் எடுத்திருந்தார்கள். முதல்வர் செத்துப்போன மைக்கில் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அரை இருட்டில், எல்லா வருஷத்து நாடாவிலும் நான் கேட்ட அதே மாதிரி, கிளாரினெட் கிளம்பியது.

பாட்டு ஏதும் நிற்கவில்லை, விட்ட இடம் என்று எதுவும் இல்லை. அதனால் தனக்குப் பழக்கமான ராணுவ அணிவகுப்பு மெட்டு ஒன்றை எடுத்துவிட்டார். முதல் வரிசை மொத்தமும் சடாரென்று எழுந்து நின்றது. யோசித்து எழுந்த மாதிரி தெரியவில்லை, கால்கள் தாமாக எழுந்தன. அவர்கள் எழுந்ததைப் பார்த்து, ஏதோ தேசிய விஷயம் போலிருக்கிறது என்று கமிட்டியும் எழுந்து நின்றது. வீரர்கள் நின்ற இடத்திலேயே காலை எடுத்து வைத்து மிதிக்க ஆரம்பித்தார்கள். பூரி கிழங்குக்காரர் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார். சுபேதாரின் ஒரு கால் மட்டும் தாளத்துக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

மெட்டு முடிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சுபேதார் மேடைப் பக்கம் திரும்பி நின்றார். அவருக்கு மைக் தேவையில்லை.

“நான் நடந்து வரல,” என்றார். “பேண்டுக்காரங்க நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க. வழி நெடுக அவங்கள வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டே வந்தன். பேரைக்கூடக் கேக்கல.”

கிளாரினெட்காரர் வாத்தியத்தைக் கீழே இறக்கினார். “திட்டினீங்க இல்ல, அதான் சார் பொழச்சீங்க.”

முதல் வரிசை வெடித்துச் சிரித்தது. சுபேதாரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு மேடைப் பக்கம் போய், அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து, ரிப்பன் கட்டிய தன் நாற்காலியில் உட்கார வைத்தார். தனக்கு வந்த பொன்னாடையையும் அவர் மேல் போட்டுவிட்டு, நிகழ்ச்சி முடியும்வரை அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். கமிட்டியில் ஒருவர் என்னிடம் வந்து, நாடகம் மிகவும் நன்றாக இருந்தது, எத்தனை நாள் ஒத்திகை என்று கேட்டார். முதல்வர் முந்திக்கொண்டு, மூன்று மாதம் என்றார்.

இதில் ஒரு வார்த்தைகூடப் பதிவாகவில்லை. எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது என்று பேட்டரி டேப்ரெக்கார்டரை அதற்கு முந்தின மாதம்தான் காயலான் கடைக்குப் போட்டிருந்தோம்.

அடுத்த வாரம் கிளாரினெட்காரர் வந்தார். பின்னாலேயே கம்பெனிச் சீருடையில் மகன், கையில் ஹெல்மெட்டோடு. சுபேதார் அவர்கள் வீட்டுக்கே போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அப்பாவின் பதிவைக் கேட்க வேண்டும் என்றான். ஹெட்போனை மாட்டி உட்கார வைத்தேன். அவன் கேட்டு முடிக்கும்வரை அப்பா ஜன்னலோரம் நின்று, முட்டை அட்டை ஒட்டிய லட்சணத்தைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பச்சை ஸ்டிக்கரை உரிக்கப் போனேன். அதை ஏன் எடுக்கிறீர்கள், அதுவும் இருக்கட்டும் என்று அதட்டினார். பக்கத்திலேயே சிவப்பை ஒட்டினேன். முதல்வர் வந்து கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். படிவத்தில் ஆயுதம் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. பேனாவை எடுத்து, இதற்கு என்ன போடட்டும் என்று அவரைக் கேட்டேன். மகன்தான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்.

“ஸ்ட்ரெச்சர்னு எழுதுங்க மேடம்.”

எழுதினேன். அப்பாவும் பிள்ளையும் வெளியே போனார்கள். மகன் பைக்கைக் கிளப்பினான். பின்னால் அப்பா கருப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கல்லூரி வாசலில் உள்ள வேகத்தடையில் பைக் ஏறி இறங்கியபோது, குலுக்காதடா, கண்ணு தெரியலயாடா என்று அவர் மகனைத் திட்டுவது நூலக ஜன்னல் வரைக்கும் கேட்டது.